கைபேசியும் இணையமும்: மும்பைத் தமிழர்கள் மறுபடி மறுபடி கேட்ட கேள்விகள்

மும்பையில் ஒரு வங்கிக் கிளையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு மன்றத்தில் உட்கார்ந்து, படிவம் நிரப்பவும் மனு எழுதவும் உதவி வருகிறேன். முன்பு ரேஷன் கார்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் வந்தவர்கள், சில ஆண்டுகளாகக் கைபேசியை நீட்டி "இதைக் கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். ஒரே ஐயம் வேறு வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து விடைகளை எழுதியிருக்கிறேன்.

அந்தக் காலத்துல இந்தத் தொல்லையே கிடையாது. இப்ப மட்டும் ஏன் இத்தனை மோசடி?

அந்தக் காலத்தில் கைபேசிக்குள் பணம் இல்லை என்பதுதான் காரணம். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக் ராமுடன் பேசியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. தொடக்க காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003-ல்தான் வருகிற அழைப்புகள் இலவசமாயின.

பெரிய திருப்பம் 2016-ல் வந்தது. ஏப்ரலில், கைபேசி வழியாகவே வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் யூபிஐ முறை அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. பெட்டிக்கடையிலும் காய்கறி வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பணப்பையும் தொலைபேசியும் ஒரே பொருளாகிவிட்ட நிலையில், முன்பு தாதர் ரயில் நெரிசலில் பையைத் தடவியவனின் வேலையை இன்று எங்கோ உட்கார்ந்திருப்பவன் ஓர் அழைப்பில் செய்கிறான். ஆனாலும் யூபிஐ வந்தபின் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்காத எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் கைபேசியே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஓடிபி, பின் நம்பர் ரெண்டும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. ஓடிபி என்பது ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் எண்; "இதைச் செய்வது நீங்கள்தானா?" என்று வங்கி உங்களிடம் கேட்பதற்குச் சமம். அதை வேறொருவரிடம் சொன்னால், உங்கள் பெயரில் அவர் "ஆம்" என்று சொல்லிவிடலாம். யூபிஐ பின் நீங்களே அமைத்த நான்கு அல்லது ஆறு இலக்க எண். அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். வங்கி ஊழியர் எவருக்கும் இந்த இரண்டும் தேவைப்படாது. 31 ஆண்டுகளில் எந்த வாடிக்கையாளரிடமும் இவற்றைக் கேட்க வேண்டிய ஒரு சூழ்நிலைகூட எனக்கு வந்ததில்லை.

பழைய பீரோவை விக்கப் போட்டேன். வாங்குறவர் "பணம் வர்றதுக்கு பின் போடுங்க"ன்னு சொல்றார். போடலாமா?

போடாதீர்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. கணக்கின் இருப்பைப் பார்க்கும்போது தவிர, பின் கேட்கும் திரை வந்தாலே பணம் உங்களிடமிருந்து வெளியே போகப்போகிறது என்று பொருள். க்யூஆர் படத்தை அனுப்பி "ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்பதும் இதே பொய்தான். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் உத்தரவிட்டது. அந்த வழி அடைபட்டாலும் க்யூஆர் வழி திறந்தே இருக்கிறது.

பேங்க்ல இருந்து பேசுறேன்னு நம்ம தமிழ்லயே பேசுறான். எப்படி நம்பாம இருக்கிறது?

இந்த ஊரில் நமக்கு இருக்கும் பெரிய பலவீனம் இதுதான். நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் கேட்டுச் சலித்த காதில் திருநெல்வேலித் தமிழ் விழுந்தால் மனம் இளகிவிடுகிறது. "அக்கா, நானும் நாங்குநேரிதான்" என்று ஒருவன் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கார்டு எண்ணைச் சொன்ன ஒரு பெண், "ஊர்க்காரப் பையன் ஏமாத்துவானாய்யா?" என்று என்னிடமே கேட்டார். அவன் எந்த ஊர்க்காரனோ, நமக்குத் தெரியாது. மொழி தெரிந்தவர்களை மோசடிக் கும்பல்கள் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்கின்றன.

சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்தும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொன்னது. வங்கிகளின் இணையதள முகவரிகளும் "பேங்க் டாட் இன்" என்று முடியும் வகைக்கு மாற்றப்பட்டன. இவை நல்ல அடையாளங்கள். ஆனாலும் ஐயம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் "கஸ்டமர் கேர்" எண்ணை நம்ப வேண்டாம்; போலி எண்களை அங்கே பரப்பி வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சு. திறந்து பார்த்தேன், ஒண்ணும் தெரியலை. ஆபத்தா?

வந்தது படமா, பிடிஎஃப் கோப்பா, அல்லது பெயரின் கடைசியில் "ஏபிகே" என்று இருந்ததா என்பதைப் பாருங்கள். ஏபிகே என்பது பத்திரிகை அன்று. அது ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவப்படும் ஒரு செயலி. நிறுவியதும் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, ஓடிபியைத் தானே வெளியே அனுப்பிவிடும் வகையில் எழுதப்பட்டிருக்கும். போக்குவரத்து அபராத ரசீது, மின்கட்டண நினைவூட்டல் என்ற பெயர்களிலும் இதே சரக்கு வருகிறது.

நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே ஃபிளைட் மோடுக்கு மாற்றி, வைஃபையும் நின்றுவிட்டதா என்று பாருங்கள். பிறகு வேறொருவரின் கைபேசியிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யூபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தச் செயலியை நீக்கலாம். படங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்வது, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவருவது, இன்னும் நல்லது. செயலிகளைப் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வாங்காமலிருந்தால் இந்த வகைத் தொல்லை பெரும்பாலும் வராது.

கொரியர்காரன் ஏதோ ஒரு நம்பரை அமுக்கச் சொன்னான். அமுக்கிட்டேன்.

அந்த எண் *401* என்று தொடங்கியதா? அப்படியானால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவன் எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கலாம். அதன் பிறகு உங்கள் வாட்ஸ்அப்பை அவன் தன் கைபேசியில் திறந்து, சரிபார்ப்பு எண்ணைக் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிவிடுவான். குறியீட்டு எண் வழியாக அழைப்புகளைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதே இதனால்தான். ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

வீடியோ கால்ல போலீஸ் உடுப்போட ஒருத்தர் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"ங்கிறார். உண்மையிலேயே அப்படி ஒண்ணு இருக்கா?

இல்லை. காணொலியில் கைது செய்ய இந்தியச் சட்டம் எதிலும் இடமில்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் இதையே நாட்டு மக்களுக்குச் சொன்னார். ஆனாலும் இன்றுவரை படித்தவர்களே சிக்குகிறார்கள். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, உங்கள் ஆதாரைக் கொண்டு கறுப்புப் பணம் மாற்றப்பட்டது என்றோ அழைப்பு தொடங்கும். பிறகு சிபிஐ முத்திரை போட்ட கடிதமும் நீதிமன்ற அறைபோல் ஜோடித்த பின்னணியும் வரும். கேமராவை விட்டு நகரக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, விசாரணை முடியும்வரை பணத்தை "ஆர்பிஐ கணக்கில்" வைக்க வேண்டும் என்பார்கள். தனிமனிதர் பணத்தைப் போட்டு வைக்க ரிசர்வ் வங்கியில் கணக்கு எதுவும் கிடையாது.

மாட்டுங்காவில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படி இரண்டு நாள் கேமரா முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். தினமும் பூ கொண்டுவரும் பெண் கதவைத் தட்டியபோது "உள்ளே வராதே" என்று கத்தியிருக்கிறார். அந்தக் குரல் வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கவனித்த அந்தப் பெண் மேல்மாடிக்காரரை அழைத்து வந்ததால்தான் நிரந்தர வைப்புத் தொகை தப்பியது. "யாரிடமும் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும், அந்த நொடியே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நிஜமான போலீசார் அதற்குத் தடை சொல்ல மாட்டார்கள்.

பணம் போயிடுச்சு. முதல்ல எங்க போகணும்?

எங்கும் போக வேண்டாம். முதலில் 1930-க்குப் பேசுங்கள். மத்திய உள்துறையின்கீழ் இயங்கும் இந்தச் சேவை வங்கிகளோடு இணைக்கப்பட்டது. உங்கள் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை அது அடையாளம் கண்டு, அங்கேயே நிறுத்தி வைக்கும்படி அந்த வங்கிக்குத் தகவல் அனுப்பும். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. முதல் கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளுக்கு, அங்கிருந்து இன்னும் பலவற்றுக்கு என்று பிரித்து, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்தோ கிரிப்டோவாக மாற்றியோ விடுவான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் புகார் போனால் பணம் இன்னும் ஏதாவதொரு கணக்கில் கிடக்க வாய்ப்பு உண்டு.

1930-க்கு இணைப்புக் கிடைக்கத் தாமதமானால் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். வீட்டில் இன்னொருவர் அதே நேரத்தில் வங்கியைக் கூப்பிடட்டும். கையில் இருக்க வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், அழைத்தவனின் எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்து மூலமும் புகார் கொடுங்கள். "இது எங்கள் எல்லை இல்லை" என்று அனுப்பிவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எல்லை பாராமல் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது.

இதை எழுதும்போதே மனம் கனக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வருகிறார்கள். மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், கணவருக்குத் தெரிந்தால் சண்டை வரும், சங்கத்தில் சிரிப்பார்கள் என்ற வெட்கம் அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. என் சொந்த அத்தை 38,000 ரூபாயை இழந்துவிட்டு எனக்குச் சொன்னது ஒன்பதாம் நாள். வங்கியில் வேலை பார்த்த மருமகனிடமே சொல்லக் கூசியிருக்கிறார். வீட்டுப் பெரியவர்களைப் பணம் போனதற்காகத் திட்டாதீர்கள். ஒரு முறை திட்டினால் அடுத்த முறை அவர்கள் சொல்லவே மாட்டார்கள்.

போன பணத்தை பேங்க் திருப்பித் தருமா?

எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதிப்படி, தவறு உங்களிடமும் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ நிகழ்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்திருந்தால் உங்களுக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் ஆகியிருந்தால் கணக்கின் வகைக்கேற்ப ஒரு வரம்புவரை இழப்பை நீங்கள் ஏற்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய். தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்றும், தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

ஓடிபியையோ பின்னையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு. ஆகவே அப்போதும் உடனே சொல்வதில் பயன் உண்டு. 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448.

அவசரத்துக்கு ஒரு ஆப்ல 5000 கடன் வாங்கினேன். இப்ப என் போட்டோவை ஆபாசமா மாத்தி சொந்தக்காரங்களுக்கு அனுப்புவேன்னு மிரட்டுறான்.

இதற்காக உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: குற்றம் செய்தவன் மிரட்டுகிறவன்தான். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "என் படத்தை மாற்றி அனுப்புவார்கள், நம்பாதீர்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அதோடு அவன் கையிலிருந்த ஆயுதம் மழுங்கிவிடும். பிறகு மேலே சொன்னபடி 1930-லும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். மேற்கொண்டு பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர்களை அவர்கள் விட்டதாக நான் பார்த்ததே இல்லை.

கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எந்த வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் சார்பில் கடன் தருகிறது என்பதைச் சொல்லாத செயலியின் பக்கமே போக வேண்டாம்.

லோக்கல் ட்ரெயின்ல போன் போயிடுச்சு. புது போன் வாங்கினா போதுமா?

போதாது. சிம்மை நிறுத்தி, அதே எண்ணில் மாற்று சிம் வாங்குங்கள். வங்கிக்குச் சொல்லி யூபிஐயை நிறுத்துங்கள். ரயில்வே போலீசில் புகார் கொடுங்கள். பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால், எந்த சிம்மைப் போட்டாலும் அது வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள். *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். கைபேசி கையில் இருக்கும் இப்போதே அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. நீங்கள் வாங்காத எண் ஏதும் இருந்தால் அங்கேயே தெரிவித்து நிறுத்தலாம். ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த ஆதார் நகல் எங்கெல்லாம் போயிற்று என்பது சிலருக்கு அப்போதுதான் தெரிகிறது.

எங்க சால் (வரிசை வீட்டுக் கட்டடம்) மொட்டைமாடியில டவர் வச்சிருக்காங்க. கேன்சர் வருமா?

இதுவரையான ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. 2011-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்த அலைகளை "புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்" என்ற வகையில் வைத்தது. போதிய சான்று இல்லாதபோது வைக்கும் வகை அது. 2024-ல் வெளிவந்த விரிவான மீளாய்வு கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை என்று கண்டது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களின் கதிர்வீச்சுக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதிக்கிறது. பழைய சாலின் மாடி அந்த எடையைத் தாங்குமா என்று கேளுங்கள். அது நியாயமான கவலை.

பையன்கிட்ட ஒருத்தர் "உன் பேங்க் அக்கவுண்டைக் கொடு, மாசம் 5000 தர்றேன்"னு கேக்குறாராம். சும்மா கிடக்கிற அக்கவுண்ட்தானே?

கொடுக்கவே கூடாது. முன்பு சொன்னேனே, திருட்டுப் பணம் கணக்கு கணக்காகத் தாவுகிறது என்று. அந்தக் கணக்குகள் இப்படி வாடகைக்கு எடுக்கப்பட்டவைதாம். போலீசார் முதலில் தேடி வருவது கணக்கின் பெயரில் இருப்பவரை. கும்பலின் தலைவனை உங்கள் பையன் பார்த்தே இருக்க மாட்டான். ஆனால் வழக்கில் அவன் பெயர்தான் இருக்கும். கொடுத்துவிட்டிருந்தால் இன்றே கார்டை நிறுத்தி, வங்கியிலும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள்.

தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலை, சம்பளம் 80 ஆயிரம், டிக்கெட்டும் அவங்களே எடுத்துத் தர்றாங்க. அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். இப்படிப் போனவர்கள் பலர் தாய்லாந்து எல்லையைக் கடத்தி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்கும், வேறு சிலர் கம்போடியாவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றும் வேலையில் அடைத்து வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்டோர் இப்படி மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். தமிழில் பேசி ஏமாற்றும் ஆட்கள் எப்படிக் கிடைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை. வெளிநாட்டு வேலை என்றால் முகவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவரை நம்பாதீர்கள்.

நான் இட்லி வித்த காசுதான் அக்கவுண்ட்ல இருக்கு. திடீர்னு முடக்கிட்டாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?

தவறு செய்யாமலேயே இப்படி ஆகலாம். திருட்டுப் பணம் கைமாறிய ஒருவன் உங்களிடம் இட்லி வாங்கி 120 ரூபாயை யூபிஐயில் அனுப்பியிருந்தால், புகாரின் சங்கிலியில் உங்கள் கணக்கும் சேர்ந்துவிடும். வேறு மாநிலக் காவல் நிலையத்தின் கடிதத்தைக் காட்டி, வங்கி முழுக் கணக்கையும் நிறுத்திவிடுகிறது. பலகாரம் சுமந்து விடியற்காலையில் புறப்படும் தாராவிக் குடும்பங்களுக்கு மறுநாள் அரிசி உளுந்து வாங்கும் முதலே அதுதான்.

வங்கிக் கிளையில் எழுத்து மூலம் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: புகாரின் எண், கடிதம் அனுப்பிய காவல் நிலையம், ஐயத்துக்குரிய தொகை. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் இதுபோன்ற வழக்குகளில், ஐயத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்ற வகையில் உத்தரவிட்டது. அதைக் குறிப்பிட்டு, மீதித் தொகையை விடுவிக்கும்படி விண்ணப்பியுங்கள். அந்தக் காவல் நிலையத்துக்கும் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் விளக்கம் அனுப்புங்கள். அங்கும் நகராவிட்டால் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தை நாடலாம்.

சென்ற ஆண்டு ஓர் இட்லிக்கடை அண்ணாச்சிக்கு நாங்கள் எழுதிய விண்ணப்பத்தில் ஆறு மாதக் கணக்கு அறிக்கை, கடையின் படம், மாவு மில் ரசீதுகள், அவர் மனைவி நோட்டில் எழுதி வைத்திருந்த அன்றாட விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் இணைத்தோம். ஆங்கிலத்தில் ஒன்றும் இந்தியில் ஒன்றும் எழுதினோம். பத்தொன்பதாம் நாள் 120 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டு மீதியை விடுவித்தார்கள். அந்த நோட்டின் பக்கங்களைத்தான் கிளை மேலாளர் நீண்ட நேரம் புரட்டிப் பார்த்தார் என்று அண்ணாச்சி சொன்னார்.